சட்டைக்கையில் தைத்த தொழில்: பழைய படைத் துணிச் சின்னங்களை இனங்காணல்

நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பொருட்கள் கேட்டு நம் சங்கம் அறிவித்தல் விடுத்தபோது எதிர்பார்த்தவை எல்லாம் வந்து சேர்ந்தன. வகுப்புப் படங்கள், தேர்ச்சி அறிக்கைகள், பரிசளிப்பு விழா அழைப்பிதழ்கள், யாரோ திருப்பிக் கொடுக்க மறந்த வலைப்பந்துக் கிண்ணம் ஒன்று. எதிர்பாராமல் வந்தவை துணிச் சின்னங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு துண்டுகள். குறுக்காக வைத்த இரண்டு துப்பாக்கிகள், இரண்டு கொடிகள், ஒரு குதிரை லாடம், ஒரு சிவப்புச் சிலுவை. யட்டவத்த, மாத்தளைப் பக்கத்து வீடுகளின் தகரப் பெட்டிகளிலும் பிஸ்கட் டின்களிலும் இத்தனை காலம் கிடந்தவை. கூடவே வந்த காகிதத் துண்டுகளில் பெரும்பாலும் ஒரே வாசகந்தான்: ‘தாத்தாவின் இராணுவப் பதக்கம்.’

பதக்கம் உலோகத்தில் வார்த்தது, நாடாவில் தொங்குவது. வீட்டுக்கு வந்தவை வேறு. ஒருவருக்கு என்ன வேலை தெரியும் என்பதைச் சட்டைக்கையில் தைத்துக் காட்டிய தொழிற் சின்னங்களும் திறமைச் சின்னங்களும் அவை. ‘தாத்தாவின்’ என்ற சொல்லும் எல்லாத் துண்டுக்கும் பொருந்தவில்லை. சில, ஒரு பெண்ணின் சட்டையிலிருந்து வந்தவை. கண்காட்சியில் ஓர் அட்டை வைத்துவிட்டால் பார்க்க வரும் பிள்ளைகள் அதையே சரித்திரம் என்று படித்துப் போவார்கள். ஆகவே அட்டை எழுதுமுன் துணியைப் படிப்போம் என்று தீர்மானித்தோம். உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒன்று இருக்கக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பெண்கள் பாடசாலைக் கண்காட்சிக்குப் படைச் சீருடைத் துணி எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. நம் தலைமுறைக்குச் சீருடை என்றதும் நினைவுக்கு வருவது சோதனைச் சாவடிதான். ஆனால் இந்தத் துண்டுகளிற் பெரும்பாலானவை அதற்கு முந்திய வேறொரு யுத்தத்தைச் சேர்ந்தவை. அந்த யுத்தம் இந்த மலைகளுக்குள் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலையை. இலங்கை திடீரென்று முன்னரங்கமாயிற்று. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளையின் தலைமையகத்தை டில்லியிலிருந்து பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றினார். பூந்தோட்டத்துக்குள் ஒரு சிறு நகரமே எழுந்தது என்று சொல்லலாம். கண்டியில் அமெரிக்க உளவுத்துறையின் பிரிவொன்றும் இயங்கியது. பிற்காலத்தில் சமையற் புத்தகங்களால் புகழ்பெற்ற ஜூலியா சைல்ட் அங்கேதான் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 11ஆவது கிழக்காபிரிக்கப் படைப்பிரிவு பர்மாவுக்குப் போகுமுன் காட்டுப் போர்ப் பயிற்சிக்காக இந்தத் தீவில் தங்கியது. அவர்களிற் சிலர் கண்டி யுத்த மயானத்திலேயே தங்கிவிட்டார்கள். கண்டியிலிருந்து வடக்கே தம்புள்ளைக்கும் திருகோணமலைக்கும் போகும் வீதி மாத்தளைக்கு ஊடாகப் போகிறது. இத்தனை பேர் வந்து போன நாட்டில் சீருடைத் துணி எந்த வீட்டிலும் தங்கியிருக்கலாம். சேவை முடிந்து வந்தவர் கொண்டுவந்தது, மிஞ்சிய இராணுவப் பொருள் விற்ற கடையில் வாங்கியது, ஊருக்குத் திரும்பிய துரை விட்டுப்போனது என்று வழிகள் பல. ஆகவே ஒரு சின்னம் வீட்டில் இருப்பதாலேயே அது அந்த வீட்டாருடையது ஆகிவிடாது.

படைச் சட்டையில் தைப்பவற்றில் நான்கு வகையைப் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்று, எந்தப் பெரும் படையணி என்பதைக் காட்டுவது. தென்கிழக்காசியக் கட்டளையின் தீயிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவை, கிழக்காபிரிக்கரின் காண்டாமிருகத் தலை ஆகியன அந்த வகை. இரண்டாவது, தோளில் றெஜிமெண்டின் பெயர். மூன்றாவது, பதவியைக் காட்டும் ‘வி’ வடிவப் பட்டிகள். நான்காவதுதான் நம் விஷயம்: கை தேர்ந்த வேலையைக் காட்டுவது. பிரித்தானிய முறையில் குறுக்குத் துப்பாக்கி என்றால் குறி தவறாத சூட்டாளர். குறுக்குக் கொடி, ஒன்று நீலம் ஒன்று வெள்ளை, சமிக்ஞைக்காரர். சுத்தியலும் குறடும் கருவிகள் செய்வோருக்கும் திருத்துவோருக்கும். லாடம், குதிரைக்கு லாடம் அடிப்பவருக்கு. குறுக்கு வாள், உடற்பயிற்சி ஆசிரியருக்கு. இலைவளையத்துக்குள் ‘எல்.ஜி.’ என்ற இரண்டு எழுத்து இருந்தால் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக்காரர். வெள்ளை வட்டத்துள் சிவப்புச் சிலுவை மருத்துவப் படையினருக்கு. கடற்படையில் நட்சத்திரத்துள் ‘சி’ என்று இருந்தால் சமையற்காரர். அதைக் கண்டு ‘கப்டன்’ என்று வாசித்த வீடு ஒன்று உண்டு. நல்ல சமையற்காரர் கப்பலில் கப்டனுக்குக் குறைந்தவரல்லர் என்று சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்தினோம்.

வைத்தியத் தொழிலில் இருக்கும் நமக்கு ஒரு சிறு குறை. தடியும் பாம்பும் கண்ட இடமெல்லாம் ‘வைத்தியர்’ என்று எழுதிவிடுகிறார்கள். அஸ்கிளேபியஸின் தடியில் ஒரே பாம்பு. இரண்டு பாம்பும் சிறகும் உள்ளது மேர்க்குரி தேவனின் கோல். அமெரிக்க இராணுவ மருத்துவப் பிரிவு 1902 முதல் அதை எடுத்துக்கொண்டது. அதனால்தான் இந்தக் குழப்பம். ஆனால் பிரித்தானிய சமிக்ஞைப் படையின் சின்னத்திலும் மேர்க்குரி அதே கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் செய்தி கொண்டு ஓடுபவர். காய்ச்சலுக்கு மருந்து தரமாட்டார்.

இதைவிடப் பெரிய குழப்பம் ‘வி’ பட்டிகளில். பிரித்தானிய இராணுவத்தில் பதவிப் பட்டியின் கூர்முனை கீழ்நோக்கியிருக்கும்; தைப்பது மேற்கையில். இடது முன்கையில், கூர்முனை மேல்நோக்கித் தைத்த பட்டி நன்னடத்தைக்குரியது. சாதாரண சிப்பாய்க்கு இரண்டு வருட நல்ல சேவைக்குப் பின் முதலாவது கிடைக்கும். வலது முன்கையில் சிறிய சிவப்புப் பட்டிகள் இருந்தால், 1944 முதல் யுத்த சேவையின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒன்றாகக் கொடுத்தவை. கடற்படையில் மூன்று நன்னடத்தைப் பட்டி என்றால் 13 ஆண்டுச் சேவை. அவர் அங்கே சாதாரண மாலுமியாகவே இருந்திருக்கலாம். அமெரிக்கருக்கோ பதவிப் பட்டியே மேல்நோக்கித்தான் இருக்கும். அதன் அடியில் ‘ரீ’ என்ற எழுத்து இருந்தால் நமக்கு அதிர்ஷ்டம்: தொழில்நுட்பப் பதவி என்ற அந்த முறை 1942இல் வந்து 1948இல் ஒழிந்தது. இவ்வளவு குறுகிய காலத்தைத் தானே சொல்லும் சின்னங்கள் அதிகமில்லை. கழற்றி எடுத்த துண்டுக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாதபோது நெசவின் ஓட்டத்தையும் தையல் ஓட்டைகளையும் பார்க்க வேண்டும். ‘சார்ஜன்ட் தாத்தா’ சில வேளை நல்ல பிள்ளையாக நடந்துகொண்ட சிப்பாய்த் தாத்தாவாக மாறிவிடுவார். குடும்பத்துக்கு அது கசக்கலாம். நமக்கு அவரை அப்போதுதான் கூடுதலாகப் பிடித்தது.

இனிக் காலம். முடி இருந்தால் முதலில் முடியைப் பாருங்கள். 1901 முதல் 1953 வரை வந்த மன்னர்களின் முடி கோபுரம்போல் வளைந்து உயர்ந்தது. எலிசபெத் மகாராணியின் முடியின் வளைவு நடுவில் பள்ளமாகத் தாழும். இலங்கை இராணுவம் 1949 ஒக்டோபர் 10ஆம் திகதி உருவானது. நாடு குடியரசானது 1972 மே 22ஆம் திகதி. ஆகவே நம் நாட்டுப் படையினர் அணிந்த சின்னத்தில் பள்ளமான முடி இருந்தால் அதன் காலம் ஏறத்தாழ அந்த இருபது வருடம். ஆனால் இதிலும் இரண்டு பொறி உண்டு. விக்டோரியா மகாராணி கால முடியும் தாழ்ந்த வளைவுடையதே. இப்போதைய மன்னர் சார்ள்ஸ் 2022இல் பழைய உயர்ந்த முடிக்கே திரும்பிவிட்டார். எனவே இன்று லண்டனில் வாங்கிய புதுச் சின்னம் ஒன்று 1940களின் முகத்தோடு நம் முன்னே வந்து நிற்கலாம். மேலும், குறுக்குத் துப்பாக்கி, லாடம் போன்றவற்றில் முடியே இல்லாமலும் இருக்கும். அப்போது துணியிடந்தான் கேட்க வேண்டும்.

அடித்துணி கம்பளியா பருத்தியா? குளிர்நாட்டுச் சீருடைக்குக் கம்பளி. நம் வெயிலுக்குக் காக்கிப் பருத்தி. அடித்துணி கரும்பச்சைப் பருத்தியாக இருந்தால் 1943க்கு முன் எடுத்துச் செல்வது கடினம். பர்மாக் காட்டுக்காகவே காக்கியை விட்டுப் பச்சைக்கு மாறினார்கள். யுத்த நெருக்கடியில் கம்பளியையும் தையல் உழைப்பையும் மிச்சப்படுத்தப் பிரித்தானியாவில் பல சின்னங்களைப் பருத்தியில் அச்சடித்தார்கள். அதனால் தைக்காமல் அச்சடித்திருப்பது போலி என்பதற்கு அடையாளமல்ல. யுத்த காலத்தது என்பதற்கே அடையாளம். பின்பக்கத்தில் அழுத்துப் பொத்தானோ கொக்கியோ இருந்தால் இன்னும் நல்லது. வியர்வையில் நனைந்த சட்டையை அடிக்கடி தோய்க்க வேண்டிய நாடுகளில் சின்னத்தைக் கழற்றி மாட்ட அப்படிச் செய்துகொண்டார்கள். இந்தியாவில் கையால் தைத்தவை தடித்த பருத்தியில், சற்றுக் கோணலாக, மிக அழகாக இருக்கும். வாரணாசியிலும் சியால்கோட்டிலும் சரிகைக் கம்பியில் படைச் சின்னம் தைக்கும் கைகள் இன்றும் உண்டு. அதனாலேயே சரிகைச் சின்னம் கண்டால் பழையது என்று துள்ளக் கூடாது. பழைய உலோகக் கம்பி கறுக்கும், செம்பு கலந்தது பச்சை பூக்கும். பிளாஸ்டிக் சரிகை மாறாமல் மினுங்கிக்கொண்டே இருக்கும்.

செயற்கை நூல் பெரிய சாட்சி. நைலோனை 1938இல் அறிவித்தார்கள். பொலியெஸ்டரைக் கண்டுபிடித்தது 1941இல், கடைக்கு வந்தது 1950களில். கழன்று தொங்கும் ஒரு நூலை மட்டும் இடுக்கியால் எடுத்து நெருப்பில் காட்டலாம். கம்பளி எரிந்தால் முடி கருகும் மணம். சத்திரசிகிச்சைக் கூடத்தில் நின்றவர்களுக்கு அந்த மணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாம்பல் விரலில் நசுங்கிப் பொடியாகும். பருத்தி, காகிதம் எரிவதுபோல். பொலியெஸ்டர் உருகிக் கடின மணியாக உறையும். அந்துப்பூச்சி அரித்த ஓட்டையும் ஒரு பரிசோதனை முடிவுதான். அதன் புழு தேடுவது கம்பளியிலும் முடியிலும் உள்ள கெரட்டினை. சுத்தமான பொலியெஸ்டரை அது தொடாது.

தோல் கிளினிக்கில் தலைப் படையைப் பார்க்க வூட்ஸ் விளக்கு வைத்திருப்போம். காசுத்தாள் சரிபார்க்கும் விளக்கும் அதே குடும்பந்தான். இருட்டில் அந்த ஊதா ஒளியைப் பிடித்தால் புதுக்கால நூல் பல வேளை நீலவெள்ளையாக ஒளிரும். நூலை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர்பொருளே காரணம். ஒளிரவில்லை என்றால் பழையதாக இருக்கலாம். ஒளிர்ந்தால் உடனே போலி என்று எழுதிவிடக் கூடாது. இன்றைய சலவைத்தூளிலும் அதே ஒளிர்பொருள் இருக்கிறது. பாசத்தோடு மருமகள் ஒருமுறை தோய்த்துக் காயப்போட்டிருந்தால் 1942ஆம் ஆண்டுத் துணியும் விளக்கின் கீழ் நேற்றுப் பிறந்ததுபோல் மின்னும். பரிசோதனை எதுவானாலும், முதலில் வீட்டாரிடம் விசாரிக்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

போலி செய்வோர் புதுத் துணியைப் பழசாக்கப் பயன்படுத்தும் பொருள் எது தெரியுமா? நம் தேயிலைச் சாயம். தேயிலை மலையிலிருந்து வந்த நாம் இதில் ஏமாறலாமா? சாயத்தில் நனைத்தது முன்னும் பின்னும், மடிப்பின் உள்ளும், ஒரே சீராகப் பழுத்திருக்கும். உண்மையில் அணிந்த துணி அப்படி இருக்காது. முகம் வெயிலில் வெளிறியிருக்கும், முதுகின் நிறம் புதுசாகவே இருக்கும், ஓரத்தில் தையல் ஓட்டையும் அறுந்த நூலும் இருக்கும். ஓட்டையே இல்லாத சின்னம் யார் கையிலும் ஏறாதது. களஞ்சியத்தில் மிஞ்சியதாகவோ சேகரிப்போருக்காகச் செய்ததாகவோ இருக்கலாம்.

இவ்வளவும் தெரிந்த பின்னும் நாம் நிச்சயமாகச் சொல்லக்கூடியது பெரும்பாலும் ‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்பதே. ‘இதற்குப் பின் இருக்க முடியாது’ என்பது அரிது. லூயிஸ் துப்பாக்கி முதலாம் உலக யுத்தத்தில் வந்தது. 1930களின் இறுதியில் பிரென் அதன் இடத்தைப் பிடித்தது. ஆனால் தட்டுப்பாடு வந்ததும் பழைய லூயிஸ்கள் இரண்டாம் யுத்தத்திலும் தூசு தட்டி வெளியே வந்தன. அட்டைகளில் ‘1943 அல்லது அதன் பின்’ என்று எழுதியிருப்பதைக் கண்டு சிலர் இது என்ன பதில் என்று கேட்டார்கள். உள்ளதில் நேர்மையான பதில் அதுதான்.

நம்மை மிகவும் தடுத்து நிறுத்தியவை நீல நூற் சின்னங்கள். பிரித்தானியக் கடற்படை ஆண்களுக்கு நல்ல உடுப்பில் தங்க நூல், வேலை உடுப்பில் சிவப்பு நூல், வெப்பநாட்டு வெள்ளை உடுப்பில் மட்டும் நீல நூல். 1939இல் மீண்டும் தொடங்கிய கடற்படைப் பெண்கள் பிரிவுக்கு, ரென்கள் என்று அழைத்தார்களே, அவர்களுக்குக் கருநீலத் துணியிலேயே வெளிர்நீல நூல். தங்கம் அவர்களுக்கு இல்லை. 1993இல் அந்தப் பிரிவு கடற்படையோடு கலக்கும்வரை நீலந்தான். ரென்கள் கண்டியில் தலைமையகத்திலும் இருந்தார்கள், கொழும்பில் எச்.எம்.எஸ். ஆண்டர்சன் என்ற நிலையத்தில் ஜப்பானிய வானொலிச் செய்திகளை மணிக்கணக்காகக் காதில் வாங்கி எழுதிக்கொண்டும் இருந்தார்கள். எனவே நீலச் சின்னம் கிடைத்தால் நூலை விட்டு அடித்துணியைப் பாருங்கள். வெள்ளை என்றால் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். கருநீலம் என்றால் அது ஒரு பெண் அணிந்தது. நிறம் மங்கிய தங்கம் என்று நினைத்து ‘மாலுமி’ என்று எழுதினால் ஒரு பெண் அந்த இடத்திலேயே மறைந்து போகிறாள்.

இன்னொரு வகை வீட்டுக்கு இன்னும் நெருக்கமானது. 1897இல் இந்தியாவுக்குப் படை அதிகாரியாக வந்த பேடன் பவல், வேவு பார்க்கத் தேர்ந்த தன் வீரருக்கு லில்லி மலர் வடிவச் சின்னம் ஒன்றைக் கையில் அணியக் கொடுத்தார். பிற்பாடு அதுவே சாரணரின் சின்னமாயிற்று. கை தேர்ந்த வேலைக்குத் துணித் துண்டு கொடுக்கும் வழக்கம் இப்படிப் பாசறையிலிருந்து பாடசாலைக்கு வந்தது. இலங்கையில் பெண் சாரணியம் 1917இல் கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையில் தொடங்கியது. சாரணியருக்கும் சமிக்ஞை, முதலுதவி, நோயாளர் பராமரிப்பு, சமையல் என்று திறமைச் சின்னங்கள் இருந்தன. குறுக்குக் கொடி அங்கேயும் உண்டு. செய்தியை மோர்ஸில் அனுப்பத் தெரிந்த சிறுமிக்கு அது. படைச் சின்னம் பெரும்பாலும் உருவத்தை ஒட்டியோ சதுரமாகவோ வெட்டியிருக்கும். சாரணியருடையது சிறியது, வட்டமானது. நமக்கு வந்த குறுக்குக் கொடிகளில் ஒன்று வட்டமானது. அதனோடு வந்த காகிதத்திலும் ‘தாத்தா’ என்றே எழுதியிருந்தது. அந்த வீட்டில் கொடி காட்டத் தெரிந்தவர் பாட்டி.

சின்னமே இல்லாத தொழில்களும் உண்டு. கண்காட்சியில் அவற்றுக்கு எதை வைப்பது என்று நாம் இன்னும் முடிவெடுக்கவில்லை. 1942இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பான் கைக்குப் போனபின் நேசநாடுகளுக்கு இயற்கை றப்பர் கொடுக்க மிஞ்சிய முக்கிய இடம் இலங்கை. லொறிச் சில்லும் விமானச் சில்லும் அதை நம்பியிருந்தன. மரம் வருங்காலத்துக்கு வேண்டுமே என்று பாராமல் பால் வெட்டச் சொன்ன காலம் அது. பால் வெட்டுவது லேசான வேலையல்ல. விடியுமுன் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். பட்டையில் ஒரு மில்லிமீற்றர் அளவே சீவ வேண்டும். ஆழம் கூடிப் பட்டைக்கு அடியிலுள்ள வளர்படையைத் தொட்டால் மரம் வடுப்பட்டுப் போகும். கத்தி எந்தப் படையில் நிற்க வேண்டும் என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும். சத்திரசிகிச்சை கற்பவர்களுக்கு அது வருடக்கணக்கில் வராது. தோட்டத்துப் பெண்களின் கைக்கு அது வந்தது. இலைவளையத்துள் கத்தியோடு ஒரு சின்னத்தை யாரும் அவர்களுக்குத் தைத்துக் கொடுக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து பால் வெட்டும் பழைய கத்தி ஒன்று வந்திருக்கிறது. அதைத் துணிச் சின்னங்களின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே வைக்கலாம் என்பது நம் எண்ணம். சிலர் அது விவசாயப் பகுதிக்குரியது என்கிறார்கள்.

உங்களிடம் ஏதாவது இருந்தால் சில வேண்டுகோள்கள். தயவுசெய்து தோய்க்க வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம். பசை தடவி அட்டையில் ஒட்டவோ லேமினேட் செய்யவோ வேண்டாம். பின்பக்கம் போனால் பாதிச் சாட்சி போயிற்று. சீருடையில் தைத்தபடி இருந்தால் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள், எந்தக் கையில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே விடை சொல்லும். பழைய சின்னத்தைக் கழற்றிய இடத்தில் சட்டைத் துணி நிறம் மங்காமல் அதன் வடிவத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், அதையும் படமெடுங்கள். அமிலமில்லாத வெள்ளைத் தாளில் சுற்றி, வெயில் படாத, ஈரம் ஏறாத இடத்தில் வையுங்கள். நம் மலை நாட்டு மழைக்காலப் பூஞ்சணம் எந்தப் பூச்சியையும் விட மோசமானது. வெளிநாட்டிலுள்ள சகோதரிகள் பொருளைத் தபாலில் அனுப்ப வேண்டியதில்லை. முன்பக்கமும் பின்பக்கமும், அருகில் ஓர் அடிமட்டம் வைத்து, பகல் வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படங்கள் போதும்.

படத்தோடு யாருடையது என்பதையும் எழுதுங்கள். எழுதுமுன், வீட்டில் எண்பது தொண்ணூறு வயதில் ஓர் அப்பாயியோ அம்மாயியோ இருந்தால், துணியை அவர்கள் கையில் கொடுத்து, இது யாருடையது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி, சொன்னவர் பெயரையும் திகதியையும் பென்சிலால் குறித்து அனுப்புங்கள்.